கொக்கு வீட்டு வடக்குச் சுவர்

அனியெல்லோ ஃபொர்மிசானோவிடம் யாராவது, "உங்களுக்கு வேலை கொடுத்தது யாரு?" என்று கேட்டால், அரசாங்கம் என்று சொல்ல மாட்டார். ஊருக்குப் பின்னால் ஒன்றும் அறியாததுபோல் உட்கார்ந்திருக்கும் வெசுவியோ எரிமலையைக் கட்டைவிரலால் காட்டுவார்.

"அதுக்கு ஒரு நாள் கோவம் வந்துச்சு. ஒரு ஊரே மண்ணுக்குள்ள போச்சு. அந்த ஊரைத் தோண்டித் தொடைச்சு வைக்கிற வேலையிலதான் என் குடும்பம் சாப்பிடுது. இதுக்கு நான் யாருக்கு நன்றி சொல்றது? எனக்கே குழப்பமாத்தான் இருக்கு, போங்க!"

எர்கொலானோவில் பிறந்து, எர்கொலானோவிலேயே வளர்ந்தவர். அப்பா புல்யானோ சந்தையில் பழைய துணி விற்றார். மகனுக்கு அந்த வியாபாரம் சுட்டுப் போட்டாலும் வரவில்லை. பழைய கோட் ஒன்றை எடுத்து உதறிக் காட்டி நாலு வார்த்தை அளந்துவிடத் தெரிந்தால்தானே விற்கும்? இவர் கோட்டை நீட்டிவிட்டு வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "இவனைக் கடையில நிறுத்துறதுக்குப் பதிலா ஒரு ஆணியை அடிச்சு வச்சா கோட்டாவது மாட்டலாம்" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கொத்தனார்களோடு சுண்ணாம்பு குழைத்து, குழாய் பதித்து, இருபத்துநாலு வயதில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில், அகழாய்வில் கூலியாளாகச் சேர்ந்தார்.

சேர்ந்த மூன்றாவது வாரமே அந்தச் சம்பவம் நடந்தது. வாசலில் கொக்கு வரைந்திருந்ததால் வேலையாட்கள் கொக்கு வீடு என்று கூப்பிட்ட வீட்டில், வடக்குச் சுவரை மூடியிருந்த கடைசி மண்ணை விலக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மண்ணை மண் என்று சொல்வதே தப்பு, எரிமலைச் சேறு இறுகிப்போய்க் கல்லாகவே ஆகியிருந்தது. மேஸ்திரி சபாத்தினோ கை நடுங்கும் வயதுக்காரர். ஒரு சாண் மீதமிருக்கும்போது தூரிகையை அனியெல்லோவிடம் நீட்டினார்.

"இந்தா, நீ தொடை. உன் கை இன்னும் கெட்டுப்போகல."

தூசி விலகியபோது ஒரு கண் தெரிந்தது. பிறகு மூக்கு, பிறகு வாய். யாரோ பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டதைக் கேட்டுத் திரும்பியவள்போல, சுவரில் வரைந்த ஒரு பெண் மோவாயில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். காதில் ஒரு பச்சைக் கல் தோடு. ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருடத்தில் அவளை முதலில் பார்த்த மனிதர் அனியெல்லோதான். அவருக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"ஏண்டா அழுவுற? சொந்தக்காரியா?" என்றார் சபாத்தினோ.

"தெரியல மேஸ்திரி. எங்கயோ பார்த்த மாதிரி இருக்கு."

"இந்த ஊர் மூக்குடா அது. உங்க அத்தைக்கும் அதே மூக்குதான், போய்ப் பாரு."

அந்த வேலை நிலைத்தது. அதை நம்பித்தான் நுன்ஸியாவைக் கட்டினார், இரண்டு பெண்களைப் பெற்றார், ஒருத்தியைப் பள்ளி ஆசிரியையாகவும் இன்னொருத்தியை நர்ஸாகவும் ஆக்கினார். அகழாய்வில் அவருக்கென்று ஒரு பொறுப்பும் வந்து சேர்ந்தது: தண்ணீர். பழைய ஊர் இருபது மீட்டர் பள்ளத்தில் கிடக்கிறது, புதிய ஊர் அதைச் சுற்றி விளிம்பில் நிற்கிறது. வானத்திலிருந்து விழுவதெல்லாம் உருண்டு பள்ளத்துக்குத்தான் வந்தாக வேண்டும். பழையவர்கள் தெருவுக்கடியில் போட்டுவைத்த வாய்க்கால்களைத் தூர்வாரி அந்தத் தண்ணீரைக் கடலுக்கு அனுப்புவது அனியெல்லோவின் வேலை. "அவங்க போட்டது ஒரு குத்து குத்தினா இன்னிக்கும் ஓடுது. நான் என் கையால போட்ட குழாய் ஒண்ணுகூட பத்து மழை தாங்கினதில்ல" என்று பெருமையாகவே சொல்வார்.

ஆனால் கொக்கு வீட்டு வடக்குச் சுவர் மட்டும் அவருக்குப் பிடிகொடுக்கவில்லை. அடியிலிருந்து ஓதம் ஏறியது. மழைக்காலத்தில் ஏறினால் சரி, கல்லும் வெடிக்கிற ஆகஸ்டில்கூட ஏறியது. ஈரம் ஏறி, காய்ந்து, உப்புப் பூத்து, அந்தப் பெண்ணின் முகத்தின்மேல் மாவு தெளித்ததுபோல் வெள்ளையாகப் படிந்தது. சுவரோவியங்களைச் சீர்செய்ய ஃபெர்ராராவிலிருந்து வந்த எர்சிலியா என்ற பெண்மணி மூன்று வருடம் அதோடு மல்லுக்கட்டினார். இந்த மாதம் ஒற்றியெடுத்த உப்பு அடுத்த மாதம் மறுபடி வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நிறத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு போகும்.

கடைசியில் எர்சிலியா ஒரு நாள் அனியெல்லோவைக் கூப்பிட்டுச் சொன்னார். "மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க அனியெல்லோ. வர்ற மே மாசத்துக்குள்ள சுவர் காயலைன்னா படத்தை வெட்டி எடுத்து நேப்பிள்ஸ் கிடங்குக்கு அனுப்பிடணும். என்னால மறுத்துப் பேச முடியல. இங்கேயே விட்டா செத்துடும்."

"வெட்டி எடுத்துட்டா மட்டும் உயிரோட இருக்குமா, தொத்தோரே?" படித்தவர்களை அனியெல்லோ அப்படித்தான் கூப்பிடுவார். "அவ வீட்டை விட்டு அவளைக் கிளப்பி இருட்டுல சாத்தி வைக்கிறதுக்கு நான் அன்னிக்குத் தொடைக்காமயே இருந்திருக்கலாம்."

"அப்போ தண்ணி எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிங்க. எட்டு மாசம் இருக்கு."

சுவருக்குப் பின்னால் தோண்டாத மண். அந்த மண்ணுக்குள், இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ராஜாவுக்காகச் சிலை தேடியவர்கள் எலிவளை மாதிரி குடைந்த சுரங்கம் ஒன்று ஓடியது. அதன் வாயில் எப்போதும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அனியெல்லோ ஒரு நாள் மண்டியிட்டு அதை உள்ளங்கையில் பிடித்து மோந்து பார்த்தார்.

"தொத்தோரே, இது மழைத் தண்ணி இல்ல. சோப்பு வாசம். மேல யாரோ பாத்திரம் கழுவுறாங்க!"

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்குள் தரையைத் தோண்டும்போது கடப்பாரை திடீரென்று ஆழமாக இறங்கி, குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால், அடியில் பழைய சுரங்கம் ஏதோ இருக்கிறது என்று புரிந்தாலும் யாரும் அகழாய்வு அலுவலகத்துக்கு ஓட மாட்டார்கள். ஓடினால் தலைமுறைக்கும் வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்று பயம். கதவைச் சாத்துவார்கள். ஓட்டையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் திரும்பி வரவில்லையென்றால் மாதாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சமையலறைக் குழாயை அதற்குள் விட்டுப் பூசிவிடுவார்கள். போகிறது, எங்கே போனால் என்ன?

பச்சைச் சாயப்பொடி வரவழைத்தார்கள். ஒரு வீட்டுச் சிங்கில் கரைத்து ஊற்றினால், அது சுரங்கத்தில் வந்து சேர்கிறதா என்று பார்க்கலாம். விளிம்பையொட்டிய தெருவில், பள்ளத்துப் பக்கம் பத்தொன்பது வீடு. வெளியூர் ஆள் போனால் கதவு திறக்காது என்பதால் உள்ளூர்க்காரரான அனியெல்லோ போனார். ஒரு நாளைக்கு ஒரு வீடு. எல்லா வீட்டிலும் ஒரே பாட்டு: "எங்க வீட்டுத் தண்ணி நகரசபைச் சாக்கடைக்குத்தான் போகுது, செத்துப்போன எங்கம்மா மேல சத்தியம்!" பதினெட்டு அம்மாக்கள் மேல் சத்தியம் வாங்கியாயிற்று. சுரங்கத்தில் பச்சை வரவே இல்லை.

அனியெல்லோவின் வீடும் அதே தெருதான், ஆனால் எதிர்ச்சாரி, பள்ளத்தை ஒட்டாத வரிசை. அந்த வரிசை பட்டியலிலேயே இல்லை. அவருக்கும் அது தோன்றவில்லை.

கடைசி வீடு தோன்னா வின்சென்ஸாவுடையது. மரியாதைக்குப் பெண்களைத் தோன்னா என்றும் ஆண்களைத் தோன் என்றும் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். வெள்ளிக்கிழமை போனார். அந்த அம்மாளின் வாய்க்கு அந்தத் தெருவில் ஈடு கிடையாது.

"வாங்க தோன் அனியே! ஊரெல்லாம் மோந்து பார்த்துட்டு கடைசியா எங்க வீட்டுக்கு வந்தாச்சா? நான் என்ன, உங்க ரோமாபுரிக்காரங்க தலையில எச்சத் தண்ணி ஊத்துறவளா?"

"அம்மா தாயே, ஒரு செம்புதான். ஊத்திட்டுப் போயிடறேன்."

"ஊத்துங்க, ஊத்துங்க! என் சிங்க் பச்சையானா உங்க பெண்டாட்டிதான் வந்து தேய்க்கணும்!" என்று கையை வீசியவள் அவர் கையிலிருந்த சாயப் பொட்டலத்தையே தட்டிவிட்டாள். பாதி சிங்கில் விழுந்தது, பாதி அனியெல்லோவின் சட்டையில். கிளி மாதிரி பச்சையாக அவர் வீடு வந்து சேர்ந்தார். நுன்ஸியா சிரித்துவிட்டு, பிறகு சட்டையைப் பார்த்துத் திட்டிவிட்டு, அதைக் கழற்றி வாங்கிப் போனாள்.

சனிக்கிழமை காலை சுரங்கத்தின் வாயிலிருந்து பளிச்சென்று பச்சை சொட்டியது. வேலையாட்கள் கத்தினார்கள். எர்சிலியா அனியெல்லோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "கெடைச்சுட்டா! வின்சென்ஸா! திங்கக்கிழமை ஆள் வச்சு அவங்க குழாயை உடைப்போம், புகாரும் எழுதணும்." அனியெல்லோவும் சிரித்தபடிதான் நின்றார். திடீரென்று அவருக்கு அந்தச் சட்டை ஞாபகம் வந்தது. சட்டையோடு சேர்ந்து, எண்பத்திரண்டாம் வருடம், கல்யாணமான புதிதில், மாமனாரும் அவருமாகச் சமையலறைத் தரையைத் தோண்டியபோது முகத்தில் அடித்த குளிர்ந்த காற்றும் ஞாபகம் வந்தது. ஏதோ பாழுங்கிணறு என்று மாமனார் சொன்னார். ஒரு வாளி ஊற்றிப் பார்த்தார்கள். திரும்பி வரவில்லை. சமையலறைக் குழாயை அதற்குள் விட்டுப் பூசியதோடு அவர் அதைச் சுத்தமாக மறந்துபோனார்.

வீட்டுக்கு ஓடினார். "நுன்ஸியா, என் சட்டையை எங்க கழுவின?"

"எங்க கழுவுவாங்க? கடல்லயா? சிங்க்லதான். நாலு தண்ணி மாத்தினேன், இன்னும் அக்குள்ல பச்சை போகல."

அனியெல்லோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அடுப்பில் காலையிலிருந்தே கொதித்த இறைச்சிச் சாறு, தட்டில் பாஸ்தா. இவர் முள்கரண்டியைத் தொடவே இல்லை. நுன்ஸியாவுக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது. அவள் முதலில் சிலுவை போட்டுக்கொண்டாள், பிறகு அப்பாவைத் திட்டினாள், பிறகு யோசித்தாள்.

"சரி, இதுல என்ன இருக்கு? இப்பவே கதவைச் சாத்திட்டு நம்ம குழாயைச் சிமெண்டு போட்டு அடைச்சிடு. சுவர் காஞ்சிடும். உன் பொம்மையும் பொழைச்சுக்கும். வின்சென்ஸா மேல பழி வந்தா வரட்டுமே! அவ என்ன யோக்கியமா? நம்ம பெரியவ கல்யாணத்துல சாப்பாட்டுல உப்பு இல்லைன்னு ஊரெல்லாம் சொன்னவதானே?"

"உப்பு இல்லாமத்தான் இருந்துச்சு."

"அனியே!"

"அவ புருஷன் படுக்கையில கிடக்கான், நுன்ஸியா. நாளைக்கு நாலு பேர் போய் அந்த வீட்டுத் தரையை உடைப்பாங்க. போலீஸ் வரும்."

"உன் வீட்டுக்கு வந்தா பரவால்லையா? அங்க வேலை பார்த்துக்கிட்டே அந்த இடத்தை நாசம் பண்ணினேன்னு சீட்டைக் கிழிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டா? ஓய்வூதியம் வர இன்னும் எத்தனை வருஷம் இருக்கு, எண்ணிப் பார்த்தியா?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. சிமெண்டு மூட்டையும் வீட்டில் இருந்தது. எழுந்து போய் அதைப் பார்த்தார், பிரித்தும் வைத்தார். பிறகு சிங்க்குக்கு அடியில் குனிந்து, தன் கையால் பதித்த அந்தக் குழாயைத் தடவிப் பார்த்தார். போட்ட குழாய் எதுவும் பத்து மழை தாங்கியதில்லை. இது ஒன்று மட்டும் இருபத்துமூன்று வருடம் அலுங்காமல் வேலை செய்திருக்கிறது! அவருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அதுவே அழுகையானது. "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணியிருக்கேன் நுன்ஸியா. தெரியாமப் பண்ணினது ஒண்ணு. நாளைக்கு வாயைத் திறக்காம நின்னா அது தெரிஞ்சு பண்ணினதாயிடும்."

நுன்ஸியா எழுந்தாள். அவர் தட்டை எடுத்துப்போய்ச் சூடாக்கி மறுபடி கொண்டுவந்து வைத்தாள். "சாப்பிடு. பட்டினியா போய் உண்மையச் சொல்லணும்னு ஒரு சட்டமும் இல்ல" என்றாள்.

திங்கட்கிழமை காலை எர்சிலியா சுவருக்கு முன்னால் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். அனியெல்லோ தொப்பியைக் கழற்றினார்.

"தொத்தோரே, வின்சென்ஸா வீட்டை உடைக்க வேண்டாம். தண்ணி என் வீட்டுலேருந்து வருது. என் சிங்க். நானும் என் மாமனாரும் போட்டது." சட்டைக் கதையையும் சொன்னார். எதையும் விடவில்லை.

எர்சிலியா அவரையே பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அனியெல்லோவுக்குப் புரியவில்லை. "மூணு வருஷம்!" என்றார் எர்சிலியா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மூணு வருஷமா உங்க சமையலறையைத்தான் தேடிட்டிருந்தேனா? தினமும் காலையில எனக்கு காபி வாங்கிட்டு வந்து குடுத்துட்டு..."

"என்னை என்ன பண்ணணுமோ பண்ணுங்க. சுவரை மட்டும் வெட்டிடாதீங்க."

"நான் இதை எழுதியாகணும், தெரியுமில்ல?"

"எழுதுங்க."

எழுதினார். அவர் எழுதிய அறிக்கையை அனியெல்லோ இன்றைக்கும் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். "கசிவின் மூலத்தை வாய்க்கால் பணியாளர் அனியெல்லோ ஃபொர்மிசானோ தம் சொந்த வீட்டிலேயே கண்டறிந்து, தாமாகவே முன்வந்து தெரிவித்தார்" என்று இருக்கும். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. அந்த வரியால்தான் வேலை போகவில்லை. ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். குழாயை உடனே உடைக்க வேண்டும், முறையான சாக்கடை இணைப்பு வரும்வரை ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது. அந்த எர்சிலியாவுக்கு இந்த ஜென்மத்தில் பட்ட கடன் தீராது என்று அவர் எல்லோரிடமும் சொல்வார்.

அந்தத் திங்கட்கிழமை மாலையே கதவை அகலத் திறந்துவைத்துச் சம்மட்டியால் உடைத்தார். தெருவே வாசலில் கூடிவிட்டது. எல்லோரையும் விலக்கிக்கொண்டு தோன்னா வின்சென்ஸா உள்ளே வந்தாள். வாங்கிக் கட்டிக்கொள்ளப்போகிறோம் என்று அனியெல்லோ கண்ணை மூடிக்கொண்டார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"தோன் அனியே, நீங்க என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம். குடுக்கல. அதனால சொல்றேன். நீங்க பச்சை ஊத்தினது எங்க நல்ல சிங்க். பின்கட்டுல இன்னொண்ணு இருக்கு."

"அது எங்க போகுது?"

"எனக்கென்ன தெரியும்? ஒரு வாளி ஊத்தினோம், திரும்பி வரல!"

அவள் சொன்னதும் அடுத்த வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். அதற்கடுத்தவர் தரையைப் பார்த்தார். செத்துப்போன அம்மாக்கள் எல்லோரும் அன்றைக்குக் கல்லறையில் நிம்மதியாகப் புரண்டு படுத்திருப்பார்கள். ஆகமொத்தம் பதினோரு வீடு. சாக்கடை இணைப்பு கிடைக்க ஏழு மாதமானது. அந்த ஏழு மாதமும், குளிர்காலம் முழுக்க, பதினோரு வீட்டுப் பெண்களும் பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்துத் தெருமுனைச் சாக்கடைக்குத் தூக்கிப் போனார்கள். நுன்ஸியாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் ஒரு நாள்கூட வாளியை அனியெல்லோ தூக்க விடவில்லை. "நீ குழாய் போட்டே, ஊத்தினது நான்தானே" என்று வாயை அடைத்துவிட்டாள்.

சுவர் மெல்ல மெல்லக் காய்ந்தது. ஏப்ரலில் எர்சிலியா புறங்கையை வைத்துப் பார்த்தார், பிறகு கருவியை வைத்துப் பார்த்தார், பிறகு யாரிடமும் சொல்லாமல் மறுபடி புறங்கையை வைத்துப் பார்த்தார். மே மாதம் மேலிடத்திலிருந்து நாலு பேர் வந்து அளந்து, படம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் எர்சிலியா தெருவுக்கு வந்து நுன்ஸியாவைக் கையோடு கூட்டிப் போனார். ஐம்பது வருடமாக அந்த விளிம்பில் குடியிருந்தும் நுன்ஸியா ஒரு தடவைகூடக் கீழே இறங்கியதில்லை. எங்கள் பெண்கள் எல்லோருமே அப்படித்தான், துணி காயப்போடும்போது மேலிருந்து பார்ப்பதோடு சரி. கோயிலுக்குப் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு சரிவில் மெதுவாக இறங்கி, கொக்கு வீட்டுக்குள் வந்து, வடக்குச் சுவருக்கு முன்னால் நின்றாள். அனியெல்லோ பின்னால் நின்றார்.

உப்பெல்லாம் உதிர்ந்து முகம் தெளிந்திருந்தது. கண், மூக்கு, மோவாயில் வைத்த கை, எல்லாம் இருந்தன. ஆனால் ஒரு காதும் தோடும் இருந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு வெறும் சாந்து.

"இங்க என்ன ஆச்சு?" என்றாள் நுன்ஸியா.

"அது போயிடுச்சு. உப்பு தின்னுடுச்சு. திரும்ப வராது" என்றார் எர்சிலியா.

"எங்க தண்ணியாலயா?"

"ஆமா."

நுன்ஸியா தலையாட்டினாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல அந்த முகத்திடம் பேசினாள்.

"இருபத்துமூணு வருஷம், தாயே. என் எச்சப் பாத்திரம் கழுவின தண்ணி, என் பிள்ளைங்க பீத்துணி அலசின தண்ணி, எல்லாத்தையும் உன் தலையிலதான் ஊத்தியிருக்கேன். நீ ஒரு வார்த்தை கேக்கல. அந்தப் பிள்ளைங்களுக்கு ரொட்டி போட்டதும் நீதான். மன்னிச்சுக்க. நல்லா இருந்தோம். ரொம்ப நன்றி."

அனியெல்லோவால் அங்கே நிற்க முடியவில்லை. வாசலுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்து, வயதையும் பார்க்காமல், வேலையாட்கள் பார்க்கிறார்கள் என்பதையும் பார்க்காமல், தேம்பித் தேம்பி அழுதார்.